பெயர் எழுதப்படாத இரு மகள்கள்: துட்டன்காமன் கல்லறையின் 317-ஆம் எண் பெட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

கி.மு. 1330-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்து அரண்மனையில் இரண்டு பெண் சிசுக்கள் உயிரில்லாமல் வெளியே வந்தன. ஒன்று ஆறாம் மாதத்தில். மற்றது ஒன்பதாம் மாதத்தில், பேறுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில். இரண்டையும் பதப்படுத்தினார்கள், துணி சுற்றினார்கள், ஆளுக்கு இரண்டு சவப்பெட்டி செய்தார்கள். தகப்பனான அரசன் துட்டன்காமன் இறந்தபோது அவன் கல்லறையிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். இவ்வளவும் செய்தவர்கள் பெட்டியில் பெயர் மட்டும் எழுதவில்லை.

3,200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கல்லறை திறக்கப்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்தவை எண்கள்: 317ஏ, 317பி. இந்த ஆய்வில் அவர்களைச் சிறியவள், பெரியவள் என்றே சொல்கிறேன். அது உடலின் அளவைக் குறிப்பது, பிறப்பு வரிசையை அல்ல.

எகிப்திய இளவரசி என்றதும் பொன்னும் மையிட்ட கண்ணும் நினைவுக்கு வருகின்றன. அரசன் மகளாக இருப்பது அந்த நாட்டில் என்ன பொருள் கொண்டிருந்தது என்பதை அறிய, வாழவே வாய்க்காத இந்த இருவரின் பெட்டி அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. அவர்களைக் கையாண்டவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும், அன்றும் சரி, கடந்த நூறு ஆண்டுகளிலும் சரி, தடயமாக நின்றிருக்கிறது.

பின்னணி: அரசன் மகள் என்ற பட்டம்

'சாத் நேசுத்' என்றால் அரசன் மகள். கல்வெட்டுகளில் இதோடு 'அவன் உடலிலிருந்து வந்தவள், அவன் அன்புக்குரியவள்' என்றும் சேர்ந்து வரும். அரசியாகவே ஆனாலும் இந்தப் பட்டத்தை அவள் விடுவதில்லை. பெற்ற பட்டங்களைவிடப் பிறந்த பட்டம் அங்கே கனமானது.

அவளை வளர்ப்பதும் ஒரு பதவி. துட்டன்காமனுக்குப் பாலூட்டிய மாயா என்ற செவிலிக்குச் சக்காராவில் பாறையைக் குடைந்து தனிக் கல்லறையே இருக்கிறது, 1996-இல் கண்டெடுத்தார்கள். ஹட்செப்சுட் என்ற அரசியின் மகள் நெஃபெரூரேவை வளர்க்கும் பொறுப்பு செனன்முட் என்ற பெரிய அதிகாரியிடம் இருந்தது. சிறுமியைத் தன் ஆடைக்குள் பொதிந்து, அவள் தலை மட்டும் வெளியே தெரிய அவர் அமர்ந்திருக்கும் சிலைகள் இன்றும் உள்ளன. இளவரசியைத் தூக்கி வளர்த்தவன் என்பதே ஒருவன் கல்லில் வடித்துக்கொள்ளத் தக்க பெருமையாக இருந்திருக்கிறது.

திருமணத்துக்கு வந்தால் வாசல் குறுகிவிடும். மூன்றாம் அமன்ஹோடெப்பிடம் பாபிலோன் அரசன் பெண் கேட்டான். எகிப்து அரசனின் மகளை ஆதிகாலம் தொட்டே எவருக்கும் கொடுத்ததில்லை என்பது பதில். 1887-இல் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில் இந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. அதே அமன்ஹோடெப் பாபிலோனிலிருந்தும் மித்தன்னியிலிருந்தும் பெண் எடுத்துக்கொண்டவன்தான். வெளியிலிருந்து வரலாம்; இங்கிருந்து வெளியே போகக் கூடாது. மகள் போன இடத்தில் பிறக்கும் பேரன் நாளை அரியணைக்கு உரிமை கேட்டு வருவான் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. அதனால் அரசன் மகளுக்கு மாப்பிள்ளை பெரும்பாலும் அரண்மனைக்குள்ளேயே இருந்தான்: உடன்பிறந்தவன், தகப்பனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவன், சில வேளைகளில் தகப்பனே. அமன்ஹோடெப் தன் மகள் சித்தாமுனுக்கு 'பெரிய அரச மனைவி' என்ற பட்டத்தைத் தந்தான்.

317-ஆம் பெட்டிக்குள் இருந்த இருவரும் இந்த வழக்கத்தின் கடைசிக் கண்ணிகள். அவர்களுடைய தாயும் ஓர் அரசன் மகள்.

தாயின் இளமை

துட்டன்காமனுக்கு மனைவியாகச் சான்றுகளில் தெரிபவள் ஒருத்திதான்: அன்கெசெனாமுன். அதனால் இந்தச் சிசுக்களின் தாய் அவளே என்று கொள்கிறார்கள்.

மூன்றாம் அமன்ஹோடெப்பின் மகனும் அடுத்த அரசனுமான அக்கனாட்டனுக்கும் அவன் மனைவி நெஃபர்டீட்டிக்கும் பிறந்த ஆறு பெண்களில் அவள் மூன்றாமவள். பிறந்தபோது வைத்த பெயர் அன்கெசென்பாட்டென். ஆட்டென் என்ற சூரிய வட்டத்தின் பெயர் அதில் இருந்தது. தகப்பன் பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டுப் பாலைவன விளிம்பில் அக்கெட்டாட்டென் என்ற புது நகரைக் கட்டினான். இன்று அமர்னா என்கிறோம். பெர்லினில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் புடைப்புச் சிற்பத்தில் அவளைக் கைக்குழந்தையாகப் பார்க்கலாம். மூத்தவளைத் தகப்பன் தூக்கி முத்தமிடப் போகிறான். அடுத்தவள் தாயின் மடியில் இருக்கிறாள். இவள் தாயின் தோளில் ஏறி, மகுடத்திலிருந்து தொங்கும் அணியை எட்டிப் பிடிக்கிறாள். எகிப்தியக் கலையில் அதற்கு முன்பு அரச குடும்பத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டியதில்லை.

அந்த நெருக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இரண்டாமவள் மெக்கெட்டாட்டென் இளமையிலேயே இறந்தாள். அமர்னா அரச கல்லறையின் சுவரில் பெற்றோர் கை தூக்கி அழுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அழும் சகோதரிகளில் அன்கெசென்பாட்டெனும் நிற்கிறாள். அதே கல்லறையில் ஒரு செவிலி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் காட்சியும் இருக்கிறது. அந்தக் குழந்தையை மெக்கெட்டாட்டென் பேறுகாலத்தில் இறந்ததற்கு அடையாளம் என்பார் உண்டு. அது அவளுடைய மறுபிறவியின் உருவம் என்பாரும் உண்டு. எப்படியாயினும், அரசன் மகள் ஒருத்தி இறந்தால் அதை எப்படித் துக்கப்பட வேண்டும் என்பதை இவள் சிறுமியாகவே கண்டுவிட்டாள். பின்னாளில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சுவர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

தகப்பன் இறந்து சில ஆண்டுகளுக்குள் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவன் துட்டன்காட்டன் அரியணை ஏறினான். அவனைவிடச் சில ஆண்டுகள் மூத்த இவளை அவனுக்கு மணம் செய்துவைத்தார்கள். பழைய தெய்வங்கள் திரும்பின, இருவர் பெயரிலும் ஆட்டென் போய் அமுன் வந்தது. கல்லறையில் கிடைத்த தங்க நாற்காலியில் பழைய பெயரும் புதுப் பெயரும் இரண்டுமே இருக்கின்றன.

அரசனின் ஆட்சி பத்து ஆண்டுகளை எட்டும்போது முடிந்துபோனது. அதற்குள் நடந்தவை இந்த இரண்டு இழப்புகள்.

பேறு

அந்த நாட்டுப் பெண்கள் செங்கற்களின் மேல் குந்தி அமர்ந்து பிள்ளை பெற்றார்கள். 2001-இல் தெற்கு அபிடோசில் அப்படிப்பட்ட செங்கல் ஒன்றே கிடைத்தது. தாய் பிள்ளையைக் கையில் ஏந்தியிருக்கும் ஓவியம் அதில் இருக்கிறது. அது கிடைத்த வீட்டுப் பகுதி ரெனெசெனெப் என்ற ஓர் அரசன் மகளோடு தொடர்புடையது என்பது இங்கே பொருத்தமான செய்தி. அவள் இந்த நிகழ்வுக்கு மூன்று, நான்கு நூற்றாண்டுகள் முந்தியவள். ஆனால் செங்கல், செவிலி, நீர்யானை வடிவ தவெரெட், குள்ளத் தெய்வம் பெஸ் என்ற காப்புகள் மாறவில்லை. அரசிக்கும் அதே செங்கல்தான், அதே அபாயம்தான்.

எடுத்த முடிவுகள்

இப்படி இறந்த பிள்ளைகளைச் சாதாரண மக்கள் என்ன செய்தார்கள் என்பது நன்றாகத் தெரியும். லாகூன் ஊரில் வீட்டுத் தரைக்கடியில் மரப்பெட்டிகளில் சிசுக்கள் புதைக்கப்பட்டிருந்தன. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊரான தெய்ர் எல்-மெதினாவில் கிழக்கு மயானத்தின் கீழ்ச்சரிவு அவர்களுக்கானது. பானை, கூடை, வீட்டுப் பெட்டி என்று எது கையில் கிடைத்ததோ அதில் வைத்துப் புதைத்தார்கள்.

அரண்மனையின் முதல் முடிவு, இவர்களைப் பதப்படுத்துவது. எகிப்தியச் சிந்தனையில் உடல் கெடாமல் இருந்தால்தான் மறுவாழ்வு உண்டு. பதப்படுத்தியது, இவர்களும் மறுவாழ்வுக்கு உரிய ஆட்கள் என்று சொன்னதற்குச் சமம். இந்த எண்ணம் அரண்மனைக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீசாவில் 1907-இல் கிடைத்த 44 செ.மீ. நீளச் சவப்பெட்டி ஒன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளுறுப்புகள் என்று நினைத்திருந்த பொதியை ஸ்கேன் செய்தபோது 16 முதல் 18 வாரச் சிசு என்று 2016-இல் தெரிந்தது. அது துட்டன்காமனுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் பிந்தியது.

இரண்டாவது முடிவு, இருவரையும் ஒரே முறையில் பதப்படுத்தாதது. சிறியவளின் வயிற்றில் கீறல் இல்லை. உடல் அப்படியே காக்கப்பட்டிருந்தது. பெரியவளுக்கு வளர்ந்த ஆளுக்குச் செய்வதையே செய்திருந்தார்கள். அடிவயிற்றின் ஓரம் சிறிய கீறல் போட்டு, உள்ளே துணி அடைத்து, பிசினால் மூடியிருந்தார்கள். மண்டைக்குள்ளும் துணி இருந்தது. ஒரு சாண் அளவேயான சிறியவளுடைய உடலில் கத்தி வைப்பது அதைச் சிதைத்துவிடும் என்பதைப் பதப்படுத்துவோர் அறிந்திருப்பார்கள். கை பழகிய தொழிலாளியின் நிதானமான தீர்ப்பு இது என்றே நான் படிக்கிறேன்.

மூன்றாவது முகக்கவசம். சிறியவளுக்குப் பொன்முலாம் பூசிய முகக்கவசம் இருந்தது, பெரியவளுக்கு இல்லை. அரசர் பள்ளத்தாக்கில் 1907 டிசம்பரில் கேவி54 (அந்தப் பள்ளத்தாக்கின் 54-ஆம் எண்) என்ற குழியைத் தோண்டியபோது, துட்டன்காமனைப் பதப்படுத்திய மிச்சங்களோடு ஒரு சின்னஞ்சிறு முகக்கவசமும் கிடைத்திருந்தது. பெரியவளுக்காகச் செய்து, தலைக்குச் சேராததால் ஒதுக்கப்பட்டதாக அது இருக்கலாம் என்ற கருத்து உண்டு. எனக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது.

நான்காவது முடிவுதான் இந்த நிகழ்வின் மையம். சவப்பெட்டிகளில் பொன்பட்டைகள் மேல் எழுத்து இருக்கிறது. இறந்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஒசிரிஸ்' என்று மட்டும் இருக்கிறது. இறந்து மறுவாழ்வு பெற்ற எவரையும் குறிக்கும் சொல் அது. வழக்கமாக அதை அடுத்துப் பெயர் வரும். இங்கே வரவில்லை.

எகிப்தியருக்குப் பெயர் வெறும் அடையாளம் அல்ல, ஆளின் ஒரு பகுதி. ஒருவனை இல்லாமல் ஆக்க வேண்டுமானால் அவன் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். இந்தக் குடும்பத்துக்கே பின்னாளில் அது நடந்தது. பெயரைப் பிள்ளை பிறந்தவுடன் வைப்பார்கள். மூச்சு விடாத பிள்ளைக்கு அந்த நேரம் வரவே இல்லை. எனவே எழுதாமல் விட்டதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இல்லாத பெயர் ஒன்றை உருவாக்கி எழுத அவர்கள் துணியவில்லை. அதே நேரம் எழுத்தே இல்லாமலும் விடவில்லை. பெரியவள் பிறந்து சிறிது நேரம் உயிரோடு இருந்திருக்கலாம் என்று பின்னாளில் ஒரு பேச்சு எழுந்தது. இந்தப் பெயரின்மையே அதற்கு எதிரான சான்று என்று நினைக்கிறேன். ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அரசன் மகளுக்குப் பெயர் இருந்திருக்கும்.

ஐந்தாவது, இடம். அரசன் ஏறத்தாழ கி.மு. 1323-இல் இறந்தபோது அவனுக்கென்று கிடைத்த கல்லறை சிறியது. அதன் உள்ளறையில், உள்ளுறுப்புகள் வைத்த பொற்கூடும் மயானக் காவல் தெய்வமான அனுபிஸின் உருவமும் இருந்த அறையில், இருவரையும் சேர்த்து ஓர் அலங்காரமற்ற மரப்பெட்டியில் வைத்தார்கள். ஒருத்தியின் தலைமாட்டில் மற்றவளின் கால்.

அதே அறையில் இன்னொரு சிறு சவப்பெட்டி அடுக்கும் இருந்தது. அதற்குள் அரசனின் பாட்டி தியேயின் ஒரு பின்னல் மயிர். அதன்மேல் தியேயின் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு கற்றை மயிருக்குப் பெயர் இருக்க, இரண்டு பிள்ளைகளுக்கு இல்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு மனம் கனக்காமல் இராது.

தொடர்ந்தது: வாரிசு இல்லாத அரசி

இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் நாட்டின் அரசன் முதலாம் சுப்பிலுலியுமாவின் வரலாற்றை அவன் மகன் இரண்டாம் முர்சிலி எழுதிவைத்தான். அதில் எகிப்திலிருந்து வந்த ஒரு கடிதம் இருக்கிறது. கணவன் இறந்துவிட்டான், எனக்கு மகன் இல்லை, உன் மகன்களில் ஒருவனை அனுப்பு, அவனை எகிப்தின் அரசனாக்குகிறேன், என் ஊழியன் ஒருவனை மணக்க மாட்டேன் என்று ஓர் அரசி எழுதுகிறாள். சுப்பிலுலியுமா நம்பவில்லை. உண்மையா என்று பார்த்துவர ஹட்டுசா-சித்தி என்ற அதிகாரியை அனுப்பினான். அரசி மறுபடி எழுதினாள். இந்தமுறை அவமானத்தால் வந்த கோபமும் அதில் இருந்தது. கடைசியில் சன்னான்சா என்ற இளவரசன் புறப்பட்டான், வழியிலேயே மாண்டான்.

ஹிட்டைட் ஏட்டில் அந்த அரசியின் பெயராக வருவது 'தஹமுன்சு'. அது பெயர் அல்ல. 'அரசன் மனைவி' என்ற எகிப்தியப் பட்டத்தின் ஒலிபெயர்ப்பு. யார் அவள் என்பதில் நெஃபர்டீட்டி, அன்கெசெனாமுனின் மூத்த அக்கா மெரிட்டாட்டென் என்று வேறு பெயர்களும் சொல்லப்படுகின்றன. அன்கெசெனாமுனே என்போர் அதிகம். 317-ஆம் பெட்டியைத் தெரிந்த பிறகு 'எனக்கு மகன் இல்லை' என்ற வரியை வேறு யாருடைய வாயிலும் வைத்துக் கேட்க என்னால் முடியவில்லை. ஆனாலும் அது என் மனச்சாய்வு. சான்று அதுவரை போகவில்லை.

எகிப்து அரசன் மகளை வெளியே கொடுப்பதில்லை என்று பாட்டன் சொன்ன விதிக்கு நேர் எதிரானது இந்தக் கடிதம். அரசி வெளியே போகவில்லைதான். வெளிநாட்டு மாப்பிள்ளையையே உள்ளே அழைத்தாள்.

அடுத்து அரசனான ஐ என்ற முதியவரின் பெயரும் அன்கெசெனாமுன் பெயரும் சேர்ந்த மோதிரம் ஒன்று 1931-இல் கெய்ரோ வணிகர் ஒருவரிடம் காணப்பட்டது. ஐயின் கல்லறைச் சுவரில் மனைவியாக நிற்பவள் அவருடைய பழைய மனைவி தெய். அதன்பின் அன்கெசெனாமுன் பெயர் எங்கும் இல்லை.

திறப்பும் முதல் சோதனையும்: 1922 முதல் 1932 வரை

கல்லறையின் முதல் படி 1922 நவம்பர் 4-இல் தென்பட்டது. கல்லறையைக் கண்டெடுத்த தொல்லியலாளர் ஹவார்டு கார்ட்டரின் குழு உள்ளறைக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 1926–27 பருவத்தில்தான் இந்தப் பெட்டி கைக்கு வந்தது.

வெளிச் சவப்பெட்டிகள் 49.5 செ.மீ., 57.7 செ.மீ. நீளம், கரும்பிசின் பூசி, பொன்பட்டை ஒட்டியவை. உள்ளே இருந்தவை முழுதும் பொன் போர்த்தவை. மூடிகளைத் துணிப்பட்டையால் கட்டி, குள்ளநரியும் ஒன்பது கைதிகளும் உள்ள மயான முத்திரையைக் களிமண்ணில் பதித்திருந்தார்கள். பெரிய சவப்பெட்டியின் கால்விரல் பகுதி வெட்டப்பட்டிருந்தது. மரப்பெட்டியின் மூடி சேராததால் தச்சர் செதுக்கித் தள்ளியிருக்கிறார். தகப்பனின் வெளிச் சவப்பெட்டிக்கும் கால்பக்கத்தில் இதே வெட்டு விழுந்திருக்கிறது. அடக்கம் எவ்வளவு அவசரமாக நடந்தது என்பதற்கு இந்த இரண்டு வெட்டுகளைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தச் சிசுக்களில் ஒன்று பிழைத்திருந்தால் அடுத்த வம்சத்து அரசரான ராம்சேசு என்று ஒருவர் வந்திருக்கவே மாட்டார் என்ற பொருளில் கார்ட்டர் எழுதினார். பலரும் திருப்பிச் சொல்லும் கருத்து அது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. பெண்ணும் அரசாண்ட நாடுதான் எகிப்து: சொபெக்நெஃபெரு ஆண்டாள், ஹட்செப்சுட் ஆண்டாள். ஆனால் பத்து வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை ஒன்று, படைத்தளபதி ஹோரெம்ஹெப்பும் ஐயும் காத்திருந்த அரண்மனையில் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தாயின் கதையே காட்டுகிறது. அவளும் அரசன் மகள்தான்.

1932-இல் உடற்கூறு மருத்துவர் டக்ளஸ் டெர்ரி கெய்ரோவில் இரண்டு உடல்களையும் ஆராய்ந்தார். சிறியவள் 25.75 செ.மீ.; தொப்புள்கொடியின் ஒரு துண்டு உடலோடு இருந்தது; புருவமும் இமைமயிரும் இன்னும் அரும்பவில்லை. வயது ஐந்து மாதத்துக்கு மேல் இராது என்றார். பெரியவள் 36.1 செ.மீ.; புருவமும் இமைமயிரும் இருந்தன. ஏழு மாதம் இருக்கலாம் என்றார். கண்ணால் கண்டதையும் அளந்ததையும் அவர் தனித்தனியாக எழுதிவைத்த ஒழுங்கு பெரிது. பின்னால் உடல்கள் சிதைந்தபோது அந்தக் குறிப்புகளே எஞ்சிய நல்ல சான்றாகின.

1932-க்குப் பின்

தகப்பனின் உடல் கல்லறைக்கே திருப்பி வைக்கப்பட்டது. மகள்கள் திரும்பவில்லை. சோதனை முடிந்தபின் அவர்கள் கெய்ரோ பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில், கஸ்ர் அல்-ஐனியில் தங்கிவிட்டார்கள். திருப்பி அனுப்ப வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்து எழுதியதாகத் தோன்றவில்லை. முடிவெடுக்காமல் விட்டதன் விளைவு இது. இந்த நிகழ்வில் நான் காணும் மிகப் பெரிய பிழையும் இதுதான். மூவாயிரம் ஆண்டுகள் பிசினும் இருட்டும் காத்த உடல்கள் எண்பது ஆண்டுக்குள் உடைந்து நொறுங்கத் தொடங்கின.

அந்தச் சிதைவு ஒரு தவறான முடிவுக்கும் வழிவிட்டது. 1970-களில் லிவர்பூலைச் சேர்ந்த ஆர்.ஜி. ஹாரிசன் குழு பெரியவளை எக்ஸ்-ரே எடுத்தது. 1979-இல் வெளியான அறிக்கை அவளுக்குப் பிறவியிலேயே முதுகெலும்பு வளைவு, முதுகெலும்புப் பிளவு, ஒரு தோள்பட்டை எலும்பு மேலே ஏறியிருக்கும் குறை ஆகியவை இருந்ததாகச் சொன்னது. உறவுக்குள் மணந்த குடும்பம் என்பது முன்பே தெரிந்திருந்ததால் இந்த முடிவு எல்லோருக்கும் எளிதாகப் பொருந்திவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'குறையோடு பிறந்த துட்டன்காமன் மகள்' என்றே படித்து வந்தோம்.

2010-உம் 2011-உம்

2010 பிப்ரவரியில் வெளியான மரபணு ஆய்வு துட்டன்காமனின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள் என்று காட்டியது. சிசுக்களிலிருந்து கிடைத்த மரபணுத் தகவல் முழுமையாக இல்லை. கிடைத்த அளவுக்கு, துட்டன்காமன் அவர்களின் தகப்பன் என்பதற்கு அது ஒத்துவந்தது. தாயாக இருக்கக்கூடியவள் என்று கேவி21 கல்லறையின் பெண் மம்மிகளில் ஒன்று சுட்டப்பட்டது. உறுதி செய்யப் போதிய தகவல் இல்லை என்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு முடிச்சும் உண்டு. கேவி55-இல் கிடைத்த ஆண் உடல் அக்கனாட்டன் என்றால், இந்தப் பெண்ணின் மரபணு அவனுடைய மகளுக்குரியதாக அமையவில்லை. ஒன்று, அவன் அக்கனாட்டன் அல்லன். அல்லது இவள் அன்கெசெனாமுன் அல்லள். செய்தித்தாள்கள் இந்த முடிச்சைத் தொடாமல் 'தாய் கிடைத்தாள்' என்று எழுதின.

2011-இல் எகிப்தியத் தொல்லியலாளர் சகி ஹவாஸும் கதிரியக்க மருத்துவர் சஹர் சலீமும் சி.டி. ஸ்கேன் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறியவளுக்கு 24.7 வாரம், பெரியவளுக்கு 36.78 வாரம். டெர்ரி சொன்னதைவிடப் பெரியவள் நன்றாகவே வளர்ந்திருந்தாள். இன்றைய மருத்துவமனையில் அந்த வாரத்தில் பிறக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் அதிகம் அஞ்சுவதில்லை. 1979-இல் சொன்ன பிறவிக் குறைகளுக்கு ஸ்கேனில் ஆதாரம் இல்லை. இறந்த பின் உடலுக்கு நேர்ந்த சேதமே தட்டையான எக்ஸ்-ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குறையாகத் தெரிந்திருக்கிறது. உறவுமுறை மணத்தால்தான் இறந்தார்கள் என்று சொல்லும் எலும்புச் சான்று இப்போது இல்லை. வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லலாகாது.

மாற வேண்டியவை

சோதனைக்காக வெளியே எடுக்கும் எந்த உடலுக்கும், எடுக்கும் நாளிலேயே, அது திரும்பிப் போகும் இடமும் நாளும் எழுதப்பட வேண்டும். தகப்பனுக்கு அது நடந்தது. இவர்கள் சிறியவர்கள், பெயரில்லாதவர்கள் என்பதால் நடக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

உடலில் காணும் எலும்பு மாற்றத்துக்கு 'உயிரோடு இருந்தபோது' என்று எழுதுவதற்கு முன், பதப்படுத்தியவர் கை, தச்சர் கை, அகழ்ந்தவர் கை, அலமாரியில் கழிந்த ஆண்டுகள் என்ற வரிசையைக் கழித்துப் பார்க்க வேண்டும். டெர்ரியின் 1932 குறிப்பை ஹாரிசனின் எக்ஸ்-ரேயோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தால் ஐயம் அன்றே எழுந்திருக்கும்.

இன்னொன்று, சொல் பற்றியது. 'கருக்கள்', 'மாதிரிகள்', 'வாரிசு முயற்சிகள்' என்றெல்லாம் இவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஒசிரிஸ் என்று எழுதியவர்கள் இவர்களை இறந்துபோன மனிதர்களாகவே கணக்கில் வைத்தார்கள். மகள்கள் என்று எழுதுவதில் அறிவியலுக்கு ஒரு குறையும் வராது.

உடல்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போயின, சவப்பெட்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. கேவி54-இல் கிடைத்த அந்தச் சிறு முகக்கவசம் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவளுடைய தலையின் அளவு இப்போது ஸ்கேனில் இருக்கிறது. முகக்கவசத்தின் உள்ளளவை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது ஒரு பிற்பகல் வேலை. அது அவளுக்காகச் செய்ததுதானா என்று பார்க்க, இனி யாரும் அவளைத் தொடக்கூட வேண்டியதில்லை.